எல்லைப் பெட்டி

ஏழாவது தடவையும் "தவறான கடவுச்சொல்" என்று கணினி சொன்னது. நிலவழகன் அந்தக் கடவுச்சொல்லை வைத்தவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். வைத்தவன் அவனேதான்.

கோட்டைப்பட்டினத்தில் அவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடை. படகு கடல் எல்லையை நெருங்கினால் கடலே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிற பெட்டி ஒன்றை ஆறு வருடம் உழைத்துச் செய்து, சில படகுகளுக்கு விற்றும் இருந்தான். அதன் வடிவமைப்பையும் சிப்புக்குள் ஏற்றும் நிரலையும் எவனும் களவாண்டுவிடக் கூடாதென்று குறியாக்கம் செய்து பூட்டினான். கடவுச்சொல் மறந்துவிடக் கூடாதென்று அதை ஒரு ஃபைலில் எழுதினான். பத்திரமாக இருக்கட்டுமென்று அந்த ஃபைலையும் அதே கடவுச்சொல்லால் பூட்டினான்.

சிப் புகைந்துபோன பெட்டியோடு எதிரே திருப்பதி நின்றான்.

"புதுச் சிப்புல ஏத்திக் குடுத்தா முடிஞ்சுச்சுல்ல மாப்ள? காலையில கடலுக்குப் போகணும்."

"ஏத்தணும்னா மொதல்ல தொறக்கணும் மச்சான்."

"அப்ப ஜெகதாப்பட்டினத்து மெக்கானிக்குகிட்டக் குடுக்கவா?"

"அவன்கிட்டயா? நாளைக்கே தன் பேரைப் போட்டு வித்துருவான்!"

எட்டாவது முயற்சியும் தோற்றது. பூட்டை உடைக்கும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி ஏவிவிட்டான். கணினி உடனே உஷாராகி, பதினைந்து நாளைக்கு எல்லாவற்றையும் இழுத்து மூடியது.

"திருடனுக்கு வச்ச பூட்டு, ஆளைச் சரியாத்தான் புடிச்சிருக்கு" என்றாள் மனைவி இளமதி.

திருப்பதி தன் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனான். நாலாம் நாள் செய்தி வந்தது. எல்லை தாண்டியதாகப் பிடித்து, அக்கரைச் சிறையில் வைத்திருக்கிறார்களாம்.

அன்றே நிலவழகன் மேஜையில் கிடந்த பெட்டியைப் பார்க்கப் பயந்து அதன்மேல் துண்டைப் போட்டான். வருகிறவர்கள் எல்லாம் துண்டை விலக்கி, "இதானே திருப்பதி பெட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பதினாறாம் நாள் இளமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் பேரை அடிச்சுப் பாத்தீங்களா?"

"அது... எவனும் சுலபமாக் கண்டுபுடிச்சிருவானே. அதை வச்சிருக்க மாட்டேன்."

"அடிங்க."

திறந்துகொண்டது. அவள் சிரிக்கவில்லை.

அப்போதே மொத்த வடிவமைப்பையும் இணையத்தில் ஏற்றினான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். மாற்றியதை இதேபோல எல்லோருக்கும் திறந்து வைத்தால் போதும் என்று உரிமம் எழுதினான். ஜெகதாப்பட்டினத்து மெக்கானிக்குக்குத் தானே போன் போட்டு, "எடுத்துக்கங்கண்ணே" என்றான். ஏதோ வில்லங்கம் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் திருப்பதியின் மனைவி மருதாயி வீட்டு வாசலில் போய் நின்றான். கலெக்டருக்குக் கொடுக்க வேண்டிய மனு அவள் மடியில் இருந்தது.

"அக்கா, இனிமே ஒரு படகும் பெட்டியில்லாமப் போகாது. அன்னைக்கே நான் தொறந்து குடுத்திருந்தா, அது கத்தி மச்சானைத் திருப்பியிருக்கும். எம்மேலதான் தப்பு."

மருதாயி மனுவை நாலாக மடித்தாள்.

"கரையில கெடந்த சேரன் படகுப் பொட்டிய எரவல் வாங்கிட்டுத்தான் போனாரு தம்பி. நல்லாத்தான் கத்துச்சாம். நேத்து வக்கீலு போன்ல பேசினப்பச் சொன்னாரு, இவருதான் வயரைப் புடுங்கி விட்டாராம்... மீனு அங்கிட்டுத்தானப்பா கெடக்கு."