கழிவறைக் காலண்டரை நான் கழுவியது குறித்து

அப்பிங்கடாம்,
செப்டம்பர் 7, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய மைத்துனி த்ரைன் அவர்களுக்கு,

ரூல்ஃப் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம்; கழிவறையும் நலம். தங்கள் முழங்காலும் தங்கள் பூனையும் நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். மாறாகச் செய்தி வந்தால் திருத்திக்கொள்கிறேன்.

தங்கள் தபால் அட்டை வெள்ளிக்கிழமை கிடைத்தது. இரண்டே வரி. "பத்தொன்பதாம் தேதி உங்கள் எண்பதாவது பிறந்தநாளுக்கு நான் வரவில்லை. உங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள நீங்களே போதும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்." கதவடியில் கிடந்ததைக் குனிந்து எடுத்தபோது முதலில் கண்ணில் பட்டது எழுத்துதான். அப்படியே என் ஹில்லியின் எழுத்து. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வாத்தியார் விரலில் அடித்துச் சொல்லிக்கொடுத்த சாய்வெழுத்து. அவள் கண்ணை மூடிய இந்த நான்கு வருடத்தில் அந்த எழுத்தில் எனக்கு எதுவும் வரவில்லை. அது இருக்கட்டும். வராமல் இருப்பது தங்கள் உரிமை. ஆனால் காரணம் தவறு. தவறான காரணத்துக்காக யாரும் என் வீட்டுக்கு வராமல் இருப்பதை நான் அனுமதிக்க மாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஹில்லி போன பிறகு இந்த வீட்டில் கழிவறையும் குளியலறையும் என் பொறுப்புக்கு வந்தன. சுத்தம் செய்ய ஆள் வைக்கலாம் என்றாள் மகள் கேஷா. முப்பத்தெட்டு வருடம் மதகு பார்த்தவன் நான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கால்வாய், நடுவில் நான். ஒரு பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஆள் வேண்டுமா? யாரும் சொல்லித்தரவில்லை. புட்டிகளின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து நானே கற்றுக்கொண்டேன். சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடிக்க வேண்டும்: முதலில் கதவுக் கைப்பிடி, பிறகு குழாய், பிறகு தண்ணீர் விடும் பொத்தான், பிறகு இருக்கையின் மேல்பக்கம், கீழ்பக்கம், கடைசியில் கிண்ணம். நீலத் துணி மேலே, சிவப்புத் துணி கீழே. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது. சுண்ணாம்புக் கறைக்குச் செவ்வாய்க்கிழமை வினிகர், கிருமிக்கு வெள்ளிக்கிழமை ப்ளீச். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நச்சுப்புகை வரும், ஆள் போய்விடுவான். மூடியைச் சாத்திவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். குளித்தவர் ரப்பர் தள்ளுகோலால் சுவரிலும் தரையிலும் உள்ள நீரை வழித்துத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் பூஞ்சை குடியேறும். அடிக்கடி கைபடும் பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது. என் மூக்குக் கண்ணாடி உட்பட. அதை வெளியே மேசையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் வரும்.

இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? எதிர்வீட்டு டெர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "டெர்க், உக்காந்து போ" என்றேன். "யோவ், முப்பது வருஷம் இழுவைப் படகு ஓட்டுனவன்யா நான். புயல்லயே நின்னுக்கிட்டுதான் போனேன்" என்றான். "கடல்ல தரை கெடையாது. இங்க இருக்கு. தொடைக்கிறவன் நான்" என்றேன். கோபித்துக்கொண்டு, காப்பி குடிக்கும் நடுவில் எழுந்து, தெருவைத் தாண்டி, தன் வீட்டுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவான். அதற்குள் காப்பி ஆறியிருக்கும். மூன்று வாரம் இப்படி. நான் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காவது வாரம் மழை பெய்தது, உட்கார்ந்தான். இப்போது பழகிப்போய் உள்ளேயே செய்தித்தாள் படிக்கிறான். அது தனித் தலைவலி.

இப்போது காலண்டருக்கு வருகிறேன். கழிவறைக் கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே, நம் ஊரில் எல்லோர் வீட்டிலும் தொங்குவதுபோல எங்கள் வீட்டிலும் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. கிழமை கிடையாது, வருடம் கிடையாது, தடித்த அட்டையில் பன்னிரண்டு மாதம், தேதிக்கு நேரே பெயர். எல்லாம் ஹில்லி மைப்பேனாவில் எழுதியது. இறந்தவர்களுக்குச் சிலுவை, குடும்பத்தை விட்டுப் போனவர்களுக்குக் குறுக்கே கோடு. வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் உட்கார்ந்தபடியே தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். எப்போது புரட்டுகிறார்? கை கழுவுவதற்கு முன்பு! யோசித்துப் பாருங்கள் த்ரைன். முப்பது வருடம், அத்தனை உறவினர், கை கழுவுவதற்கு முன்பு. இந்த ஏப்ரலில் பெரிய சுத்தம் செய்யும்போது இது எனக்கு உறைத்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஆகவே ப்ளீச். துணியை நனைத்து ஜனவரி முதல் டிசம்பர் வரை முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்தேன். கண்ணாடி போடாத கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. மனம் நிறைந்தது. காயவைத்து அதே ஆணியில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு உலகம் என்னிடம் விசித்திரமாக நடந்துகொள்ளத் தொடங்கியது. முதலில் கேஷா தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, போன வாரம் என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?"

"செவ்வாய். வினிகர் நாள்."

"டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிட்டு வரலாமாப்பா?" என்றாள்.

நான் எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்? காலண்டரில் எதுவும் தென்படவில்லை, ஆகவே யாருக்கும் பிறந்தநாள் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். த்ரைன், உன் பிறந்தநாளும் எப்போதோ இதற்கு நடுவில் போயிருக்கிறது. ஜூன் மாதம் ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். காப்பி ஊற்றினேன், பிஸ்கட் கொடுத்தேன். "அத்தான், வீடு பூரா ஒரே மருந்து வாடை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாய். வெளியே வந்தபோது உன் முகம் என் கழிவறைச் சுவரைவிட வெளுத்திருந்தது. நேரே போய்க் கோட்டை எடுத்தாய்.

"என்ன த்ரைன், காப்பி அப்படியே இருக்கே?"

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க அத்தான். எங்கள்ல ஒருத்தர் பாக்கி இல்லாம சுத்தம்."

நான் நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேன். நான்கு வருடத்தில் அந்தக் கழிவறையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நீ கதவை அறைந்துவிட்டுப் போன பிறகுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. உள்ளே நான் ஒட்டியிருந்த "பயன்படுத்தியபின் துடைக்கவும்" என்ற அறிவிப்புதான் உன்னை உறுத்தியிருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அதை எடுத்துவிட்டு இன்னும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

உன் அட்டை வந்த பிறகுதான் என் விதியை நானே மீறி, மூக்குக் கண்ணாடியோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஜனவரி வெள்ளை. பிப்ரவரி வெள்ளை. கேஷா இல்லை. நீ இல்லை. சிலுவை போட்டவர்கள்கூட இல்லை. ஹில்லி இல்லை. செப்டம்பரைத் திருப்பினேன். பத்தொன்பதாம் தேதிக்கு நேரே, அழியாமல், "ரூல்ஃப்".

நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்கு அப்போது புரிந்தது. மொத்தக் குடும்பத்தையும் துடைத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் விட்டுவைத்த கிழவன். ஆனால் த்ரைன், என் பெயர் பென்சில். உங்களையெல்லாம் மையில் எழுதிய உன் அக்கா என்னை மட்டும் பென்சிலில் எழுதியிருந்தாள். அந்தக் காலத்திலேயே கேட்டேன். "உங்கள எப்ப வேணும்னாலும் அழிச்சுக்கலாம்னுதான்" என்றாள். ப்ளீச்சுக்கு மை போகும், பென்சில் போகாது. இது வேதியியல். இதில் என் குற்றம் எதுவும் இல்லை.

ஆகவே நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கழுவியது சரியே. காலண்டரைக் கழற்றிப் பழைய காகிதப் பெட்டியில் போட்டுவிட்டேன். புதன்கிழமை, நிதி சேர்க்கப் பழைய காகிதம் திரட்டும் ஊர் இசைக்குழுவினர் வண்டியோடு வந்து எடுத்துப்போவார்கள். இனி என் கழிவறையில் காகிதம் என்றால் சுருளாக இருக்கும் அந்த ஒரு வகை மட்டுமே. இது முடிவு. பத்தொன்பதாம் தேதி வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போடுவேன். உன் நாற்காலியையும் போடுவேன். அதில் யாரும் உட்காராவிட்டால் அது காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

தங்கள் முழங்கால் படி ஏறும் அளவுக்குத் தேறட்டும். தங்கள் வடிகால் அடைக்காமல் இருக்கட்டும். தங்கள் பூனை நீண்ட நாள் வாழட்டும், வெளியே.

இப்படிக்கு,
தன் நிலையில் உறுதியாக இருக்கும்
ரூல்ஃப்

பின்குறிப்பு (புதன்): ஒட்டிய உறையைப் பிரிக்க நேர்ந்தது. வண்டி வந்தது, பெட்டியைக் கொடுத்தேன். பிறகு வண்டிக்குப் பின்னால் இரண்டு தெரு ஓடினேன். "என்னய்யா, லாட்டரிச் சீட்டு போயிடுச்சா?" என்று டெர்க் ஜன்னலிலிருந்து கத்தினான். காலண்டர் மறுபடி அதே ஆணியில் தொங்குகிறது. ஆணியை நான் கழற்றவே இல்லை. எல்லோரும் சமமாக இருக்கட்டும் என்று ரப்பரை எடுத்துக்கொண்டு போய் என் பெயரின் முன் உட்கார்ந்தேன். அவள் எழுத்தில் அது ஒன்றுதான் மிச்சம். முடியவில்லை. ஆகவே மற்றவர்களை நீதான் திரும்ப எழுத வேண்டும்; உன் கையும் அவள் கையும் ஒன்று. ப்ளீச்சுக்கும் மசியாத மைப்பேனா ஒன்றை வாங்கிச் சோதித்துவிட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். முதலில் உன் பெயரை எழுது. எந்த மாதம் என்று என்னைக் கேட்காதே. எழுதி முடித்ததும் கை கழுவு.