மூன்று ஜீப்பும் ஒரு சேதுராமனும்

இந்த வீட்டின் அடுத்த வாகனத்தை நான்தான் தெரிவு செய்வேன் என்று முடிவெடுத்தேன். சும்மா எடுத்த முடிவல்ல. குளித்து, விபூதி பூசி, கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று எடுத்த முடிவு. சத்தமாகவே சொன்னேன். மனைவி அம்பிகை பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான்.

காரணம் இருக்கிறது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம். ஃபிரிட்ஜ் அவள் தெரிவு. திரைச்சீலை அவள் தெரிவு. நான் போடும் சேர்ட் அவள் தெரிவு. இதுவரை அவள் தெரிவு பிழையாகிப் போனது ஒரே ஒரு தடவைதான் என்பாள். எது என்று கேட்டால் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பாள்.

என் பெயர் சேதுராமன். கட்டுகஸ்தோட்டையில் டைல்ஸ் கடை. வீடு அஸ்கிரிய மேட்டில். மனைவி பாலாம்பிகை கண்டியில் கணித ஆசிரியை. எங்களிடம் இருந்தது பன்னிரண்டு வருசப் பழைய சின்னக் கார். ஏசியை நிறுத்தினால்தான் அஸ்கிரிய ஏற்றத்தில் ஏறும். அம்பிகையும் மூச்சைப் பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் வேகமாக ஏறும்.

தடை செய்திருந்த வாகன இறக்குமதியை அரசாங்கம் மறுபடி திறந்துவிட்டதும் பேராதனை வீதியில் ஹனாமோ கம்பெனிக்காரர்கள் புது ஷோரூம் போட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஜீப். நம் ஊரில் உயரமாக இருக்கிற எல்லாவற்றுக்கும் ஜீப் என்றுதானே பெயர்! நிவோ, சேரா, டோர்வா. மூன்றும் ஒரே உயரம். ஒரே நீளம். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. பஸ்ஸில் போகும்போது பார்த்தால் ஒரே தாய்க்குப் பிறந்த மூன்று பிள்ளைகள் மாதிரி.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே கம்பெனி எதற்காகத் தன் வாகனத்துக்குத் தானே போட்டியாக இன்னும் இரண்டு செய்கிறது? இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் கடையை மத்தியானமே அடைத்துவிட்டு, அளக்கிற டேப்போடு ஷோரூமுக்குப் போய்விட்டேன்.

முதலில் நிவோவை அளந்தேன். பிறகு சேரா. பிறகு டோர்வா. டோர்வாவுக்கு அடியில் படுத்து அதன் வயிற்றை அளந்துகொண்டிருந்தபோது, என் தலைக்குப் பக்கத்தில் பளபளவென்று இரண்டு சப்பாத்து வந்து நின்றது.

"சேர், ஏதும் விழுந்திட்டுதா?"

ஷப்ராஸ். அங்கே விற்பனைக்கு இருக்கிற இளைஞன். நல்ல சிரிப்பு, நல்ல டை.

"ஒண்ணும் விழல தம்பி. நீளத்துல மூணுக்கும் மூணு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். இன்ஜினும் ஒண்ணுதானே?"

"ஓம் சேர். ஒரே இன்ஜின்."

"அப்புறம் எதுக்கு மூணு?"

"மூணும் வேற வேற ஆக்களுக்கு சேர். நிவோ டவுனுக்குள்ள ஓடுற இளம் ஜோடிக்கு. சேரா குடும்பத் தலைவருக்கு. டோர்வா மலை, காடு எண்டு போற ஆம்பிளைக்கு."

"ஒரே ஆள் டவுன்லயும் ஓடி, குடும்பத் தலைவராவும் இருந்து, மலைக்கும் போனா?"

"அவர் மூணு தடவை வருவார் சேர்."

நான் டேப்பால் அளந்தேன். அவன் வாயால் அளந்தான். ஆனால் பையன் கெட்டிக்காரன். தேத்தண்ணி வரவழைத்து, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, தொழில் ரகசியத்தைச் சொன்னான்.

"ஒண்ணை மட்டும் காட்டினா சேர், வாங்குறதா வேணாமா எண்டு யோசிப்பீங்க. மூணைக் காட்டினா, இதை வாங்குறதா அதை வாங்குறதா எண்டு யோசிப்பீங்க. வேணாம் எண்ட பேச்சே வராது. சண்டையெல்லாம் எங்கட மூணுக்கும் உள்ளேயே நடக்கும். எது ஜெயிச்சாலும் கம்பெனிக்குத்தான் வெற்றி."

அடேயப்பா! என் கடையிலும் ஒரே தொழிற்சாலை டைல், மூன்று பெட்டியில், மூன்று பெயரில் இருக்கிறது. பத்து வருசமாக விற்கிறேன். ஆனால் எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

எனக்கு டோர்வாமேல் மனது விழுந்துவிட்டது. மற்ற இரண்டையும்விட அதன் வயிறு நிலத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் கூட உயரம். நாலு சக்கரமும் இழுக்கும். விளம்பரத் தாளில் ஒரு தாடிக்காரன் அதில் சாய்ந்துகொண்டு பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடியை வழித்து, கொஞ்சம் தொப்பை வைத்தால் அது நான்தான்.

ஆனால் அம்பிகை? அவள் நிச்சயம் நிவோவைத்தான் கேட்பாள். என் மூளை வேலை செய்தது.

"தம்பி, ஒரு உதவி. நாளைக்கு என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வாறேன். டோர்வா பொம்பளைங்களுக்குன்னே செஞ்சதுன்னு சொல்லணும்."

ஷப்ராஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "பொம்பளைங்களுக்கா?"

"ஆமா. மழையில வழுக்காது, குழியில இறங்காது, உயரத்துல இருந்து ரோடு நல்லாத் தெரியும். பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பு. அப்படிச் சொல்லு."

"நானா இப்பிடிச் சொல்லணும்?"

"நீதான். நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

"சரி சேர்," என்றான். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. வேலை நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று கம்பெனியில் சட்டம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் பேச்சைத் தொடங்கினேன். அம்பிகை கணக்குத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அம்பிகை, பழைய காரைக் குடுத்துட்டு ஒரு ஜீப் எடுப்போமா?"

"எடுங்க. அந்த நிவோ நல்லாயிருக்கு. சிவப்பு."

பார்த்தீர்களா? சொன்னேன் அல்லவா?

"நிவோ சின்னப் பிள்ளைங்களுக்கு. டோர்வாதான் நமக்கு."

"அது எதுக்குங்க நமக்கு? கடைக்குப் போறதுக்கு நாலு சக்கரமும் இழுக்கணுமா?"

"நாளைக்கு ஒரு தூரப் பயணம் வந்தா?"

"நமக்கு எங்க வருது தூரப் பயணம்?"

"வரும். யார் கண்டா?"

"மழை நேரம் மலை ரோட்டுல நிவோ ஏறாதா?" சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரிக் கேட்டாள்.

"திணறும். டோர்வா பறக்கும்."

"தோட்டத்து ரோடு? கல்லும் குழியும்?"

"நாலு சென்டிமீட்டர் கூட உயரம். நானே படுத்து அளந்தேன்."

"பன்வில பக்கமெல்லாம் ரோடு மோசமாமே."

"பன்வில என்ன, நிலாவுக்கே போகும்!"

"பொம்பளைங்க தனியாப் போனா?"

"அதுக்குன்னே செஞ்சதுதான் அது! வேணும்னா நாளைக்கு ஷோரூம்ல வந்து கேளு."

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். "எனக்கு என்னமோ நிவோதான் சரின்னு படுது," என்றாள். நான் இன்னும் அரை மணி நேரம் வாதாடினேன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் டைல்ஸ் விற்கிறேனே என்று என்மேலேயே எனக்குப் பரிதாபம் வந்தது.

மறுநாள் ஷப்ராஸ் தன் பங்கைப் பிரமாதமாகச் செய்தான். "டீச்சர், இது லேடீஸுக்கு எண்டே யோசிச்சுச் செஞ்சது" என்று தொடங்கி, சீட்டை உயர்த்துவது, கண்ணாடியைத் திருப்புவது எல்லாம் காட்டினான். ஓட்டிப் பார்க்க ஹந்தான மேட்டுக்குப் போனோம். நான் ஸ்டியரிங்கில். ஷப்ராஸ் பக்கத்தில். அம்பிகை பின்னால்.

"தம்பி, இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சிட்டு இருக்கணுமா? இன்ஜின் பிடிக்குமா?"

"பிடிக்கும் டீச்சர். இந்தப் பட்டனை அமத்துங்க."

"ஏத்தத்துல நிப்பாட்டி எடுத்தா பின்னுக்கு உருளுமா?"

"உருளாது டீச்சர்."

ஆள் பின் சீட்டில். கேள்வியெல்லாம் முன் சீட்டுக் கேள்வி. எனக்கு அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணித ஆசிரியை அல்லவா, எதையும் ஆராய்ந்து பார்க்கிறாள் என்று பெருமையாக இருந்தது.

இறங்கும்போது பெருமூச்சு விட்டாள். "சரிங்க. உங்க ஆசைக்கு டோர்வாவே எடுங்க. நான் விட்டுக் குடுக்குறேன்."

இருபத்திரண்டு வருசத்தில் முதல் வெற்றி! என் கண் கலங்கியது. வெற்றி பெற்றவன் தாராளமாக இருக்க வேண்டும் அல்லவா? பழைய காரை அங்கேயே கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா?

"தம்பி, வண்டியை வீட்டுக்காரி பேர்ல எழுதுங்க."

"ஐயோ, எதுக்குங்க என் பேர்ல?" என்றாள் அம்பிகை.

"இருக்கட்டும்மா."

"வேணாங்க."

"நான் சொல்றேன், எழுதுங்க தம்பி!"

மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். அவள் தலை குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

வாகனம் வந்த அன்று கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஷப்ராஸ்தான் ஓட்டிக்கொண்டு வந்து விட்டான். ஐயர் மாலை போட்டார், சந்தனம் வைத்தார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டிச் சாவியை வாங்கிப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து நீட்டினார். நான் கையை நீட்டினேன். இன்னொரு கையும் நீண்டது. வளையல் போட்ட கை. அது சாவியை வாங்கிக்கொண்டு வலது பக்கக் கதவைத் திறந்தது.

"நீ எதுக்கு அந்தப் பக்கம் ஏறுற? அது டிரைவர் சீட்."

"தெரியும்ங்க."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். டிரைவிங் லைசன். மூன்று மாதத்துக்கு முந்தின தேதி. படத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை தோறும் தையல் வகுப்பு என்று போனாளே, அது தையல் வகுப்பல்லவாம். வாகனம் ஓட்டப் பழக்குகிற லேர்னர்ஸாம். இத்தனை மாதத் தையலில் ஒரு தலையணை உறைகூட வீட்டுக்கு வரவில்லையே என்று நான் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

கைப்பையிலிருந்து அடுத்து ஒரு கடிதம் வந்தது. அரசாங்க முத்திரையோடு கல்விக் கந்தோர்க் கடிதம். பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அம்பிகை அதிபராகப் போகிறாள். வருகிற திங்கள் முதல்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? பழைய காரை எனக்குத் தள்ளிவிட்டுட்டு, ஜீப்பை நீங்க எடுத்திருப்பீங்க. அந்தக் காரு அஸ்கிரியவே ஏறாது, பன்வில எங்க ஏறப் போகுது? அங்க மூணு வருசமா அதிபர் இல்லைங்க. மழை பெஞ்சா பஸ்ஸும் இல்ல. போறவங்க எல்லாம் ரோட்டைக் காரணம் காட்டி இடமாத்தம் வாங்கிட்டு வந்துடுறாங்க. நான் அப்படி வர மாட்டேன்."

அவள் குரலில் இருந்த உறுதியைக் கேட்டதும் என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. மீதிப் பாதியோடு ஷப்ராஸிடம் திரும்பினேன்.

"தம்பி, உனக்கு இது தெரியுமா?"

"டீச்சர் உங்களுக்கு ஒரு கிழமைக்கு முதலே வந்தாங்க சேர். அரை மணித்தியாலத்துல டோர்வாதான் எண்டு முடிவெடுத்திட்டாங்க. 'வீட்டுக்காரர் டேப்போட வருவார், அவரே தெரிவு செய்யட்டும்' எண்டு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க வந்து லேடீஸுக்கு எண்டு சொல்லச் சொன்னதும் எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போச்சு."

"அப்போ சிவப்பு நிவோ?"

அம்பிகை கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "அது இல்லாட்டி நீங்க எதோட சண்டை போடுவீங்க? டோர்வா மட்டும் வேணும்னு கேட்டிருந்தா, இப்ப எதுக்கு ஜீப்புன்னு கேட்டிருப்பீங்க. நிவோவைக் கேட்டதால டோர்வா எடுத்துக் குடுத்தீங்க."

ஹனாமோ கம்பெனி இந்தப் பெண்ணைத் தலைமை அலுவலகத்தில் வைத்திருக்கலாம்.

"நாலு சென்டிமீட்டர் உயரம்னு நீங்கதானே படுத்து அளந்தீங்க? ஏறுங்க. எலுமிச்சம்பழம் காயுது."

ஏறினேன். இடது பக்கம். நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. ஐயர் நல்ல சகுனம் என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

இப்போது காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டில் ஹோர்ன் அடிக்கும். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் கேட்டைத் திறப்பேன். அவள் பின்னுக்கு எடுத்து, ஒரே வெட்டில் திருப்பி, வட்டேகமைப் பாதையைப் பிடிக்கப் போய்விடுவாள். தோட்டத்துப் பிள்ளைகள் தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டதும் வரிசையில் நிற்கிறார்களாம். பிள்ளைகள் வரவும் கூடியிருக்கிறதாம். இதை நான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். எப்படித் தெரிவு செய்தோம் என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெண் பிள்ளை போன் எடுத்தாள். ஹனாமோ கம்பெனி.

"வணக்கம் சேர். வாகனம் வாங்கினவங்க எந்த வகைன்னு ஒரு சின்னக் கணக்கெடுப்பு. டவுன்ல ஓடுற இளம் குடும்பமா?"

"இல்லம்மா."

"குடும்பத் தலைவரா?"

கொஞ்சம் யோசித்தேன். "இல்லம்மா."

"மலையேறுற சாகசக்காரரா?"

"அது என் வீட்டுக்காரி."

"தொழிலுக்குப் பாவிக்கிறவரா?"

"இல்லம்மா. உங்க வகை எதுலயும் நான் வர மாட்டேன். நான் கேட் திறக்கிறவன்."

அந்தப் பக்கம் கணினியில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அது அஞ்சாவது வகை சேர். கண்டி மாவட்டத்துல மட்டும் உங்களோட சேத்து நாப்பத்தி மூணு பேர்."