தாம்பூலம் வாங்கிய கை

யாராவது தட்டை நீட்டினால் என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே போய் வாங்கிவிடும். ஆலங்குடியில் கூட்டுறவுச் சங்க எழுத்தர் நான். எதில் கையெழுத்துப் போடுவதென்றாலும் திருப்பித் திருப்பிப் படிக்கிறவள். ஆனால் வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டு வந்தால் படித்த படிப்பெல்லாம் பறந்துவிடும்.

என் மகள் கவிதா தென்னை நார் மில்லில் மெஷின் ஆபரேட்டர். ஒருநாள் பெல்ட் அவள் வலது கையை இழுத்துக்கொண்டது. ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. நடுவிரல் இன்றும் மடங்காது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், மில் முதலாளி மனைவியோடு வந்தார். கையில் தட்டு. பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, மேலே பணம் வைத்து ஒட்டிய கவர்.

"கவிதா நம்ம வீட்டுப் பிள்ளைங்க. ஆபீசு, கேசுன்னு அலையாம நமக்குள்ள பேசி முடிச்சுக்குவோம்" என்று நீட்டினார்.

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இரு கைகளாலும் வாங்கினேன். அதோடு விட்டேனா? அவர் மனைவிக்குக் குங்குமம் கொடுத்து, காபியும் போட்டேன். அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுச் சரசு அக்கா எட்டிப் பார்த்தார்.

"கவிதாவுக்கு மாப்பிள்ளை எந்த ஊரு? ஒரு வார்த்தை சொல்லலையே."

மாத்திரை போட்டுத் தூங்கியிருந்த கவிதா எழுந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள். "வெரலு போனது எனக்கு. தட்டு வாங்குனது நீயாம்மா?"

நஷ்டஈடு பற்றிக் கேட்க மில்லுக்குப் போன் செய்தாள். "அதான் ஒங்கம்மா தாம்பூலம் வாங்கிட்டாங்களேம்மா, பேச்சு முடிஞ்சுபோச்சு" என்றார் மேனேஜர்.

கல்யாணமோ நிலமோ, எங்கள் பக்கம் தாம்பூலம் வாங்கினால் வாங்கினதுதான். மகளின் ஆயுசுக்கும் சேர்த்து நானே சம்மதம் சொல்லிவிட்டதாக நம்பினேன். துபாயிலிருந்து கணவர், "திருப்பிக் குடுத்துரு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். தேங்காய் அதற்குள் சட்னியாகியிருந்தது.

கேஸ் கொடுக்கிற ஆபீசிலேயே திருப்புவோம் என்றாள் கவிதா. புதுத் தேங்காய், புதுப் பழம் வாங்கி, பிரிக்காத கவரோடு அதே தட்டில் அடுக்கி, மகளுடன் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரியின் மேஜைமேல் தட்டை வைத்ததும் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மொதல்ல அதை வெளிய எடுத்துட்டுப் போங்கம்மா. இங்க இதெல்லாம் வாங்குறதில்ல."

"ஒங்களுக்கு இல்லீங்க சார்" என்று நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். வீட்டில் பேசி முடித்தது செல்லாது. சமரசம் என்றாலும் இங்கே பதிவாக வேண்டும். தொகை குறைவென்றால் பதிய மறுக்கலாம். கை இனி எந்த அளவுக்கு வேலைக்கு உதவும் என்று டாக்டர் சொல்வதையும், வயதையும், சம்பளத்தையும் வைத்துத்தான் நஷ்டஈடு.

கவிதா அங்கேயே மனுக் கொடுத்தாள். முதலாளியையும் கூப்பிட்டிருந்த விசாரணைக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். (பழைய தேங்காய் மறுபடியும் சட்னி. மறுபடியும் புதுசு.)

முதலாளி தெம்பாகச் சொன்னார்: "அந்தம்மா தாம்பூலம் வாங்குனாங்க சார். வேணும்னா கேளுங்க."

நான் எழுந்து போய் அவர் முன்னால் தட்டை நீட்டினேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தானே. சட்டென்று எழுந்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் முழித்தார்.

கவிதா தன் வலது கையை விரித்து மேஜைமேல் வைத்தாள். "இப்ப நீங்களும் வாங்கிட்டீங்க. இனிமே பேச்சு இங்கதாங்க."

நஷ்டஈடு அந்த அலுவலகம் வழியாகத்தான் வந்தது. ஊரில் சிலர் என்னைத் தாம்பூலத்தைத் திருப்பினவள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இன்னொரு தட்டு அப்படி வந்தால் அதையும் திருப்புவேன்.

வீட்டில்தான் யாரும் இதை நம்புவதில்லை. எந்த விசேஷத்திலும் தட்டு என் பக்கம் வந்தால், கவிதா மடங்காத விரலால் என் முழங்கையைக் குத்துவாள்.

"எதுக்குன்னு கேட்டுட்டு வாங்கும்மா."