மரியாதைக்காக எழுதிய கொலை மிரட்டல்

பூசானில் இருக்கும் அன்புத் தங்கை மல்ஜாவுக்கு,

அண்ணன் தால்சு தன் சொந்தக் கையால் எழுதுவது. எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, எனக்குக் கைவாதம் ஒன்றும் வரவில்லை. சில எழுத்துகள் பருத்தும் சில இளைத்தும், நேராகப் போகச் சொன்னால் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டும் இருப்பதற்கு மன்னித்துக்கொள். பேனாவைப் பிடிப்பது எனக்கு இன்னும் விலாங்கு மீனைப் பிடிப்பது போலத்தான். அழுத்தினால் நழுவுகிறது, விட்டால் ஓடுகிறது. ஆனாலும் மல்ஜா, எழுபத்தாறு வயதில் உன் பெயரை நானே எழுதி, நானே படித்து, அது நீதான் என்று கண்டுகொள்வது என்ன சுகம்! வீட்டில் இருக்கும் பழைய செய்தித்தாள் ஓரமெல்லாம் இப்போது நீதான் இருக்கிறாய்.

நீ நலமா, மாப்பிள்ளை நலமா, அவருடைய முழங்கால் ஒழுங்காக மடங்குகிறதா? இங்கே நானும் உன் அண்ணியும் நலம். நிற்க. போன வாரம் என்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் முதியோர் எழுத்துப் பள்ளிக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். வகுப்பு முழுக்கப் பெண்கள், நடுவில் நான் ஒருவன். கரும்பலகையைத் துடைப்பது, அடுப்பில் கரி போடுவது, எல்லாம் என் தலையில். இருந்தும் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தேன். இலையுதிர் காலத்தில் எங்கள் வட்டத் தலைவர் சோக் இன்தே திடீரென்று எங்கள் ஊர்ப் பேருந்தை நிறுத்திவிட்டார், ஆள் ஏறுவதில்லையாம். பேருந்து இல்லையென்றால் எனக்குப் பள்ளி இல்லை. இரட்டை எழுத்துகளை அப்போதுதான் தொட்டிருந்தோம், பாதியில் நின்றால் நான் பாதி மனிதர்களின் பெயரைத்தான் எழுத முடியும். அன்றைக்கு உன்னிடம் போனில் அழாத குறையாகப் புலம்பினேன். நீ, "விடுண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றாய். புத்தர் கோயிலில் விளக்கேற்றுவாய் என்று நினைத்துக்கொண்டேன். ஏற்றினாயோ என்னவோ, பலன் கிடைத்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேருந்து நின்ற பிறகு எங்கள் கூ ஆசிரியை எனக்குப் போன் செய்து, "தால்சு ஐயா, படிச்சதை விட்டுடாதீங்க. கண்ணுல படற எழுத்தையெல்லாம் படிங்க, நாளுக்கு ஒண்ணாவது எழுதுங்க, எழுதினா கீழ பேரும் ஊரும் போடுங்க" என்றார். சரி என்று கைப்பேசியைத் திறந்தேன். செய்தி நீளமாக இருக்கிறது, எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆனால் செய்திக்குக் கீழே ஜனங்கள் எழுதுகிற கருத்துப் பெட்டி இருக்கிறதே, அது என்னைப் போன்றவனுக்கென்றே கட்டியது! குட்டி வரிகள், அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'வெட்டு', 'கொளுத்து', 'செத்துப் போ' மூன்றையும் ஒரே காலையில் கற்றுக்கொண்டேன். பேருந்துச் செய்திக்குக் கீழே மட்டும் நானூற்றுச் சொச்சம் பேர் எழுதியிருந்தார்கள். எல்லோருமே தலைவரை எப்படிக் கொல்வது என்பதில்தான் ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கடிதம் என்றால் முதலில் நலமா என்று கேட்கிறோம். கேட்கிறவன் என்ன, பதிலுக்காகவா காத்திருக்கிறான்? அது ஒரு முறை. அதுபோல இந்தப் பெட்டிக்கு இது முறை போலிருக்கிறது, சாவை விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். முறை தெரியாத பட்டிக்காட்டான் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாதல்லவா?

அங்கே எல்லோருக்கும் மேலே, நிறையப் பேர் கைதட்டி வைத்திருந்த ஒருவன் இருந்தான். பெயர் 'சோபேக் மலைப் புலி'. அவன் எழுதியதை நான் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியதால் மனப்பாடமாகவே தெரியும்: "ஏய் சோக் இன்தே! உன்னை முட்டைக்கோஸ் மாதிரி ரெண்டாப் பிளந்து, ராத்திரி முழுக்க உப்புல ஊறவச்சு, மிளகாய்ப்பொடி தேய்ச்சு, நடுவுல வாளைமீன் துண்டு வச்சு, வெளி இலையால வாயை மூடி, மூச்சு விடாம மூணு மாசம் தூங்குடான்னு ஜாடியில புதைப்பேன்!" படிக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறியது. கிம்சி ஊறுகாய் போடத் தெரிந்த கை, சந்தேகமில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு மரியாதை தெரியும், 'ஏய்' எல்லாம் வராது. ஆகவே இப்படி எழுதினேன்: "மதிப்பிற்குரிய வட்டத் தலைவர் அவர்களுக்கு. தங்களை இரண்டாகப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, மிளகாய்ப்பொடி தேய்த்துப் புதைக்க ஆவலாக உள்ளேன். நிற்க. செவ்வாயும் வியாழனும் எங்கள் ஊருக்குப் பேருந்து விட்டால் நான் எழுத்துப் படிப்பேன்." கீழே ஆசிரியை சொன்னபடி மா தால்சு என்று பெயர் போட்டேன், ஊர் போட்டேன், நீலக் கூரை வீடு, நெல் அரைக்கும் ஆலைக்குப் பின்னால் என்று அடையாளம் போட்டேன், தபால்காரர் தடுமாறக் கூடாது என்று போன் எண்ணும் போட்டேன்.

நானூற்றுச் சொச்சம் பேரில் ஒருவனுக்கும் பெயர் இல்லை மல்ஜா. புலி, இடி, கத்தி, கருப்பு ஓநாய். போலீசார் அவர்களைத் தேடித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் வழியும் சொல்லிக் கதவையும் திறந்து வைத்திருக்கிறேன்.

அவர்கள் வந்த அன்று எங்கள் வீட்டில் குளிர்காலக் கிம்சி போடுகிறோம். முற்றம் முழுக்க முட்டைக்கோஸ், அக்கம்பக்கத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நான் முழங்கை வரை ரப்பர் உறை போட்டு, உறை முழுக்கச் சிவப்பாக, கையில் பெரிய கத்தியோடு நிற்கிறேன். வாசலில் பாங் என்கிற பெரிய உருவம், பக்கத்தில் யோம் என்கிற பெண் அதிகாரி. பாங் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"பெரியவரே, கத்தியைக் கீழ வைங்க!"

"இருங்க சார், பாதிதான் பிளந்திருக்கேன். மீதியையும் முடிச்சுட்டு வர்றேன்."

"உங்க பேர் மா தால்சுவா?"

"ஆமாம்! படிச்சீங்களா? எழுத்து தெளிவா இருந்துச்சா?"

யோம் அதிகாரி தன் கைப்பேசியிலிருந்து நான் எழுதியதை உரக்கப் படித்தார். என் வாக்கியம் அடுத்தவர் வாயிலிருந்து வருவதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அண்ணிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "ஹாக்மின் அப்பா! நீங்க எழுதப் படிக்கத் தெரியாம இருந்தப்பவே நல்லா இருந்தீங்க!" என்று ஒரு முட்டைக்கோஸைத் தூக்கி என்மேல் எறிந்தாள். உப்பில் ஊறியது, கனம் அதிகம்.

அது முறை என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று விளக்கினேன். பாங் சிரித்துவிட்டார். யோம் சிரிக்கவில்லை. "பெரியவரே, நீங்க முறைன்னு நினைச்சீங்க. அவர் வீட்டுல அப்படி நினைக்க முடியல. அவர் சம்சாரம் சந்தைக்குப் போய் நாளாச்சு. ராத்திரி நாய் குரைச்சா அந்தம்மா எழுந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார். மல்ஜா, எனக்குக் கையிலிருந்த கத்தி திடீரென்று கனத்தது. கருத்துப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கும், அதில் ஒரு கதவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டுக் கி கிழவர், வேகவைத்த பன்றிக்கறி வாசனைக்கு வந்தவர், வேலியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். "என்னம்மா அதிகாரி, மறுபடியுமா? ராணுவம் ஆண்ட காலத்துல என் அண்ணன் அரிசிக் கள்ளுக் கடையில ஒரு வார்த்தை விட்டான், வீட்டுக்கு வர வருஷமாச்சு. இன்னிக்கு இந்த ஆளு, நாளைக்கு நானா? வாயைத் திறந்தா வண்டி வருதுன்னா அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

முட்டைக்கோஸ் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதும் நியாயம்தானே? அந்த அண்ணனை எனக்கும் தெரியும். திரும்பி வந்தபின் சாகிற வரை அவர் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார்.

யோம் கோபப்படவில்லை. "ஐயா, தலைவரை முட்டாள்னு எழுதுங்க. திருடன்னு தோணினா கணக்குக் கேளுங்க. ஆபீஸ் வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்துங்க, யாரும் உங்களைத் தொடாம நான் பக்கத்துல நிக்கிறேன். உங்க அண்ணனுக்கு அப்படி நிக்க ஆள் இல்லாமப் போச்சு. ஆனா வெட்டுவேன்னு சொன்னா நான் அவர் வீட்டு வாசல்ல நிக்கணும். ரெண்டு வாசலுக்கும் நான்தான்."

"கோடு எங்கங்கறதை யார் போடறது? நீயா?" என்றார் கி.

பதில் உன் அண்ணியிடமிருந்து வந்தது. பூண்டு இடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: "பஸ் விஷயமா ஊர்க் கூட்டம் போடறதா இருந்தாங்களே, அது ஏன் நின்னுச்சு?"

"மிரட்டல் வந்ததால ரத்து பண்ணிட்டாங்கம்மா."

"அப்ப நானூறு பேர் இஷ்டத்துக்குப் பேசி, நாம பேச வேண்டிய கூட்டத்தை மூடிட்டாங்க. கி அண்ணே, இப்ப யார் வாயை யார் அடைச்சது? இதுல எங்க வீட்டுக்காரர் வேற, மரியாதையா!"

கி கிழவர் எதிர்த்துப் பேசாததை ஊர் அன்றுதான் பார்த்தது. "உன் பொண்டாட்டியை எலெக்‌ஷன்ல நிக்கச் சொல்லு" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். கிம்சி போடுகிற வீட்டுக்கு வந்தவர்கள் வாய் திறக்காமல் போக முடியுமா? அண்ணி புதுக் கிம்சியில் கறித்துண்டைச் சுற்றி இரண்டு அதிகாரிகள் வாயிலும் அடைத்தாள். கையுறையோடு ஒருத்தி ஊட்டும்போது சட்டம் என்ன செய்யும்? பாங் கண்ணில் நீர் வர மென்றுகொண்டே, தலைவர் வேண்டாம் என்றால் வழக்கு இல்லை, நேரில் வந்து மன்னிப்புக் கேளுங்கள் என்றார். கிளம்பலாம் என்றேன். எப்படிப் போவது? பேருந்துதான் இல்லையே! ஆகவே நானும் உன் அண்ணியும் மடியில் ஒரு கிம்சிப் பெட்டியும் போலீஸ் வண்டியில் ஏறினோம். ஊரே வெளியே வந்து கையசைத்தது.

அலுவலகத்தில் கிம்சிப் பெட்டியைக் காவலாளி நெடுநேரம் முகர்ந்து பார்த்தார். உள்ளே சோக் இன்தே, படத்தில் பார்த்ததைவிட ஒல்லி, கண்ணுக்குக் கீழே கருப்பு. என் பெயரைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் இடுப்பை மடித்துக் குனிந்தேன். அப்படியே இருந்தேன், அவர் நிமிரச் சொல்லும் வரை.

"தலைவரே, உங்களை ஊறவைக்க எனக்கு ஆசையே இல்லை. பேருந்து மட்டும்தான் வேணும்."

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "அத்தனை பேர்ல தனக்கு என்ன வேணும்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார். "ஆனா முதல் வரியைப் படிச்சதும் போனை மூடி வச்சுட்டேன். ரெண்டாவது வரிக்கு நான் போகவே இல்லை. யோம் அதிகாரி சொல்லித்தான் தெரியும்." பேருந்தில் ஆள் எண்ணியது அறுவடை மாதத்தில், பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த நேரத்தில் என்று உன் அண்ணி சொன்னாள். அவர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். வழக்கு வேண்டாம் என்றார். கூட்டத்தை மறுபடி வைப்பதாகவும், இந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் இரண்டு நாள் பேருந்தை ஓட்டிப் பார்ப்பதாகவும் சொன்னார். கிம்சியில் ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். உன் அண்ணி, "போலீஸ் நிக்கும்போது போட்டதுங்க, கை தளர்ந்துடுச்சு" என்றாள். அவர் சிரித்தார். சிரித்து நாளாகியிருக்கும் போல, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

கூட்டம் நேற்று எங்கள் பள்ளியிலேயே நடந்தது. கி கிழவர் தலைவரை முகத்துக்கு நேரே முட்டாள் என்றார், இரண்டு தடவை. யோம் சொன்னபடியே பக்கத்தில் நின்றார். தலைவர் பதில் சொன்னார். கூட்டம் முடிந்தபின் ஓரமாக அவருடைய மனைவி நின்றிருந்தார், கையில் சந்தைப் பை. பேருந்து இன்று காலை வந்தது. நான்தான் முதல் ஆள்.

அந்தப் புலி மட்டும் இன்னும் அகப்படவில்லை. யோம் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தேன்: "பிடிச்சா எனக்காக நாலு வார்த்தை திட்டுங்க. அவனைப் பெத்தவ மரியாதையே சொல்லிக் குடுக்கல."

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். மாப்பிள்ளையைக் குளிரில் வெளியே விடாதே. உன் தலைமுடி முழுக்க நரைத்து, அதற்குப் பிறகும் நெடுநாள் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மா தால்சு
(நீலக் கூரை வீடு, ஆலைக்குப் பின்னால்)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கிம்சியில் ஒரு மீன்முள் பல்லில் மாட்டியது. வாளைமீன் முள். எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மலை நாட்டில் எவனும் கிம்சியில் வாளைமீன் வைப்பதில்லை மல்ஜா, இங்கே உப்பிட்ட இறால்தான். கடலோரத்திலிருந்து வந்த நம் அம்மா வைத்தாள், உன் அண்ணிக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். ஜாடியை மூடும்போது, "மூச்சு விடாம மூணு மாசம் தூங்கு" என்று கிம்சியிடம் சொல்வதும் அவள்தான். புலி எழுதியதை அத்தனை தடவை பார்த்து எழுதியும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, நம் வீட்டுப் பேச்சு என்பதால் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று இருந்துவிட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்றாயே, நீ ஏற்றிய விளக்கு இதுதானா? மேலே புலியைப் பெற்றவளைப் பற்றி நான் எழுதியதை அடித்துவிடு, அது நம் அம்மாவாயிற்றே. எனக்காகக் கோபப்பட்டாய் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, ஆனால் அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம், மல்ஜா. யோம் அதிகாரியும் அன்று அதே கிம்சியைத்தான் சாப்பிட்டார், அவர் பல்லிலும் முள் மாட்டியிருக்கும். அவர் அங்கே வருவதற்கு முன்னால் நீயே சோக் இன்தேவுக்கு எழுது, பெயரும் ஊரும் போட்டு. முதல் வரிதான் கஷ்டம், பிறகு கை தானாகப் போகும். கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், இப்போதுதான் பேருந்து இருக்கிறதே. எதுவானாலும் அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன். கடிதம் மல்ஜாவுக்குத்தான் வரும், புலிக்கு அல்ல.