கறுப்புப் பட்டைக்கு ஒரு பாடம் பாக்கி

மைதானத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டால் மூன்றாவதாக ஒருவர் ஓரத்தில் நிற்பார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார். மோதல் முடிந்து, தோற்றவன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மெதுவாக நடந்து வந்து, வென்றவனை மேலும் கீழும் பார்த்து, "எல்லாம் சரி, ஆனா ஒண்ணு குறையுது" என்பார். வாசகர்களே, அவர்தான் முழுமைக்காரர். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவரிடம் கராத்தேயைக் காட்டுங்கள், பிடி இல்லை என்பார். ஜூடோவைக் காட்டுங்கள், குத்து இல்லை என்பார். சிலம்பமா? கம்பு முறிந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார். குங்ஃபூ பார்க்க அழகுதான், ஆனால் மழை பெய்த தரையில் வழுக்குமாம். வர்மத்தில் மட்டும் குறையே சொல்ல மாட்டார். அது அவருக்குத் தெரியாது. தெரியாத கலை ஒன்றுதான் அவர் மதிப்பில் முழுமையானது.

கேபிள் டி.வி. வந்து, வீட்டுக்கு வீடு பையன்கள் தலையணையை உதைத்துக்கொண்டிருந்த காலத்தில், திண்டுக்கல்லில் இந்த இனத்துக்குத் தலைமை தாங்கியவர் மாஸ்டர் பிராங்கிளின். வாரம் முழுக்கப் பூட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளை உடுப்புக்கு மாறி, 'சர்வாங்க சம்பூரணத் தற்காப்புக் கலைக்கூடம்' என்ற பெயர்ப்பலகையை வேப்பமரத்தில் மாட்டுவார். உலகத்துக் கலைகள் எல்லாவற்றிலும் உள்ள ஓட்டைகளை அடைத்து ஒரே கலையாக்குவது அவருடைய வாழ்நாள் லட்சியம்.

இதற்கு அவர் கண்டுபிடித்த முறை அபூர்வமானது. அவர் யாரிடமும் தோற்றதில்லை. தன்னைக் கீழே தள்ளியதையெல்லாம் கலையில் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். நெய்க்காரப்பட்டிக் கம்புக்காரர் ஒருவர் விளையாட்டாக முழங்காலுக்குக் கீழே ஒன்று போட்டுவிட்டு, "ஏனுங்க மாஸ்டர், வலிக்குதுங்களா?" என்று கேட்டபோது, மாஸ்டர் நொண்டிக்கொண்டே போய்ச் சால்வை எடுத்து வந்து அவருக்குப் போர்த்தி, இந்த அடி ஒன்றுதான் நம் கலையில் குறைந்தது என்று அறிவித்து, அங்கேயே கௌரவ ஆசான் பட்டமும் கொடுத்தார். மாற்றலாகி வந்த வங்கிக் காசாளர் ஒருவர் ஜூடோவில் புரட்டிப் போட்டார். சால்வை. ஆடு வாங்க அய்யலூர்ச் சந்தைக்குப் போன இடத்தில் கருப்பணன் என்பவருடைய கிடா பின்னாலிருந்து வந்து முட்டியது. கிடா சால்வையைத் தின்றுவிடும் என்பதால் கருப்பணனுக்குப் போர்த்தினார். அடுத்த ஞாயிறு மாணவர்கள் கைகால்களை ஊன்றி ஒருவரையொருவர் முட்டிப் பழகினார்கள்.

கலை வளர்ந்தது. கறுப்புப் பட்டை நகர்ந்துகொண்டே போனது.

ஏனென்றால் விதி அப்படி. பாடம் முழுவதும் முடித்தவனுக்குத்தான் பட்டை. பாடமோ மாஸ்டர் விழும்போதெல்லாம் நீளும். இதில் சிக்கியவர் மூத்த மாணவர் அக்மல். சேரும்போது அவருக்கு மீசை அரும்பியிருந்தது. இப்போது முன்நெற்றி ஏறிவிட்டது. பேகம்பூரில் சொந்தமாக வகுப்பு தொடங்க வேண்டும் என்பது அவர் கனவு. அவருடைய அத்தா அப்துல் சுக்கூர், தோல் கிடங்கின் மாடியை அதற்காக ஒழித்துக் கொடுத்திருந்தார். 'மாஸ்டர் அக்மல், கறுப்புப் பட்டை' என்று எழுதிய போர்டு, பட்டை வராததால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அத்தாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "இந்த மாசத்துக்குள்ள போர்டு ஏறலைன்னா மாடியில தோலு ஏறிரும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டார்.

அக்மல் மாஸ்டர் வீட்டுக்கே போய்க் கெஞ்சினார். மாஸ்டர் தோளில் தட்டி, "பட்டை எங்கப்பு போயிறப் போகுது? கலை முழுசாகட்டும்" என்றார். வாசல் வரை வந்த மாஸ்டரின் மனைவி ரோசலின் டீச்சர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏப்பா அக்மல், இத்தனை வருசமா இருக்கியே. இவர்கிட்ட அடி வாங்குனவன் எவனாச்சும் பட்டம் வாங்கிப் பாத்திருக்கியா? சால்வை போனதெல்லாம் யாருக்கு?"

அக்மல் வீடு போய்ச் சேரும் வரை சைக்கிளில் ஏறவே இல்லை. தள்ளிக்கொண்டே போனார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு. தேர்வு. கம்பில் தொடங்கி, குத்து, உதை, பிடி, புரட்டல் என்று போய், கடைசியில் கிடா முட்டு வரைக்கும் ஒன்று விடாமல் செய்துகாட்டி, வியர்வை சொட்டச் சொட்ட நின்றார் அக்மல். மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அருகில் வந்தார்.

"எல்லாம் சரி அப்பு. ஆனா ஒண்ணு..."

அடுத்த சொல் வரவில்லை. மாஸ்டர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எதுல வருதுலே?"

"எதுலயும் வரல மாஸ்டர். பொறுக்க முடியல, காலைத் தட்டிவிட்டுட்டேன்."

மாஸ்டரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இது ஒண்ணுதாம்லே குறைஞ்சுச்சு" என்று எழுந்து, மண்ணைக்கூடத் தட்டாமல் சால்வையை எடுத்துப் போர்த்தினார். ஆசானாகிவிட்டவருக்குப் பட்டை இல்லாமல் இருக்க முடியுமா? அதையும் தன் கையாலேயே கட்டிவிட்டார். பொறுமையிழந்த தட்டு அன்றே பாடத்தில் சேர்ந்தது. வரிசையில் அக்மலுக்கு அடுத்து நின்றவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் தட்டவில்லை.

பேகம்பூரில் போர்டு ஏறியது. சில வருடங்கள் கழித்து அந்த மாடிக்கு நான் போனேன். கீழேயிருந்து தோல் வாடை, மேலே வெள்ளை உடுப்புகள். நடுவில் மாஸ்டர் அக்மல், கைகளைப் பின்னால் கட்டியபடி, எப்போது பட்டை தருவீர்கள் என்று கேட்ட ஒருவரிடம், எல்லாம் சரிதான், ஆனால் ஒன்று குறைகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பழைய மாஸ்டருக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம்தான். இவர் மாணவர்களின் காலுக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறார்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில் எங்கேயாவது, "எல்லாம் சரி, களரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, வளரியை விட்டுவிட்டாரே" என்று உங்கள் மனம் முணுமுணுத்ததா? அப்படியானால் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். கைகள் தாமாக எந்தப் பக்கம் போகின்றன என்று கவனியுங்கள். முதுகுக்குப் பின்னால் போனால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எவ்வளவு காலமாக நிற்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.