நானூறார் கண்டுபிடித்த மறதிக் கிருமி

நகர மண்டபத்தின் கதவைத் திறப்பதற்குள் அதன் கைப்பிடி கழன்று வந்துவிட்டது. அவ்வளவு கூட்டம். உட்கார இடமில்லாதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். ஜன்னலிலும் இடமில்லாதவர்கள், தொங்கியவர்கள் மேல் தொங்கினார்கள். எல்லாம் நானூறாரைப் பார்க்க!

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வேறு. "நானூறு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவன் நான்" என்று வாய் ஓயாமல் சொன்னதில் ஊர் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டது. பாதிக் கட்டுரைகள் மறதி நோயாளிகளைப் பராமரிப்பது பற்றி. மீதிப் பாதி தொற்றுநோய் பற்றி என்று சொல்லிக்கொண்டார். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கி அவர் இறக்கிய சரக்குதான் இப்போது ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தது: மறதி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும்!

கட்டுரைகளைச் சிவப்பு வெல்வெட் அட்டை போட்டுக் கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒருவரும் பிரிக்கவில்லை. பிரித்துப் படிக்கவா கொண்டுவருவார்கள்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான். ஒரு பெரியவர் எதற்கும் இருக்கட்டும் என்று முழங்காலிலும் ஒற்றிக்கொண்டார். உதவியாளர் தலைப்புகளை வாசித்தார்.

"எலியின் ஞாபகத்தில் தும்மலின் பங்கு!"

கைதட்டல்.

"மறதியும் மூக்கொழுகலும், ஒரு மறுபார்வை!"

விசில்.

மூன்றாம் வரிசையில் தையல்காரம்மா தன் கணவரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஊர்ப்பெயர்கள் மறந்தன, மகன் பெயர் மறந்தது, வேலை மட்டும் மறக்கவில்லை. கூட்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்துவிட்டார்.

"உள்ள தள்ளி நில்லுங்க! உள்ள எவ்ளோ இடம் கிடக்கு!"

ஜன்னலில் தொங்கியவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

நானூறார் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கையில் வெள்ளி நிறக் கோல். கிருமி இருந்தால் அது கீச்சிடும். கோலைக் கண்டக்டரின் உறை போட்ட கைமேல் நீட்டினார். மறதிக்காரர்கள் எல்லாரும் கையுறை போடவேண்டும் என்பது அவருடைய சட்டம். உறை விற்பதும் அவரே.

கீ... கீ... கீச்!

"முற்றிய தொற்று!" என்று முழங்கினார். "வீட்டில் யாராவது சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடியது உண்டா? ஒட்டிவிட்டது! மாடியேறிய பிறகு எதற்கு ஏறினோம் என்று நின்றது உண்டா? ஊறிவிட்டது!"

மண்டபமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. சாவியைத் தேடாத மனிதர் அங்கே யார்?

தையல்காரம்மாவின் மகன் அரண்டுபோனான். போன வாரம்தான் கல்யாண நாளை மறந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இப்போது காரணம் கிடைத்துவிட்டது! அன்றிலிருந்து வீட்டு வாசலில் நின்றபடியே அப்பாவை நலம் விசாரித்தான். தண்ணீர் டம்ளரைக்கூடத் துடைப்பக் கட்டையால் தள்ளிக் கொடுத்தான்.

"அம்மா, நானூறாரோட தனிமை இல்லத்துல இடம் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வண்டி வரும்."

"உங்கப்பாவை யாருடா பார்த்துப்பா அங்க?"

"கண்ணாடி வழியாப் பார்த்துப்பாங்க."

தையல்காரம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை. எத்தனை வருஷமாகக் கணவர் தூங்குவதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்படுகிறது. கண்ணாடிக்குக் கை ஏது?

சனிக்கிழமை நாத்தனார் மகள் வந்தாள். அவளும் ஆராய்ச்சிக்காரிதான். முதியோர் இல்லங்களில் மறதி நோயாளிகளைப் பராமரிப்பதும், அங்கே காய்ச்சல் பரவாமல் தடுப்பதும்தான் அவள் வேலை. மொத்தம் ஆறு கட்டுரை.

"ஆறுதானா?" என்று வாசலில் நின்றபடியே மகன் சிரித்தான். "அவர் நானூறு!"

"அதுல ஒண்ணு தோத்துப்போனது வேற. சாப்பிடும்போது பாட்டுப் போட்டா கூடுதலாச் சாப்பிடுவாங்கன்னு நெனச்சேன். சாப்பிடல. அதையும் எழுதி வெச்சிட்டேன்."

"தோத்ததையுமா அச்சுல போடுவாங்க?"

"அத்தான், நானூறு தடவை செஞ்சு நானூறு தடவையும் ஜெயிச்சேன்னு ஒருத்தர் சொன்னா, அது ஆராய்ச்சி இல்ல, சீட்டுக்கட்டு வித்தை. இன்னொண்ணு கேளுங்க. அவர் மேடையில ஆட்டிக் காட்டுறாரே, முதியோர் இல்லத்துக் காய்ச்சல்னு ஒரு கட்டுரை, அது என்னுது. காய்ச்சல் வந்தா மறதிக்காரங்களுக்குக் குழப்பம் கூடும்னு எழுதினேன். மறதி தொத்தும்னு எங்கயும் எழுதல."

மகன் நம்பவில்லை. ஆறு பெரிதா, நானூறு பெரிதா?

அவன் போனதும் அவள் அத்தையின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அன்னிக்கு மண்டபத்துல கோல் நீட்டினப்போ நானும் பின்னால நின்னு பார்த்தேன். கோல் மாமா பக்கம் இருந்துச்சு. நானூறார் கண்ணு உங்க பக்கம் இருந்துச்சு."

"என்னை எதுக்குடி பார்க்கணும்? கிருமி எனக்கா?"

"உங்க மூஞ்சில கவலை தெரியுதான்னு பார்த்தாரு. தெரிஞ்சுது, கோல்ல இருக்குற பொத்தானைக் கட்டைவிரலால அமுக்கினாரு. நல்லா அழுவீங்களா நீங்க?"

"போடி. எங்க அம்மா செத்ததுக்கே நான் அழல."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து நானூறாருக்கு ஒரு பெரிய வணக்கம் வைத்தாள். "ஐயா, உங்க நானூத்தி ஒண்ணாவது கட்டுரையை நானே எழுதித் தரேன். திரைக்குப் பின்னால ஆளுங்க, வெளியில கை மட்டும். எந்தக் கையில கிருமின்னு நீங்க சொல்லணும்."

நானூற்று ஒன்று! நானூறாரின் மீசை துடித்தது. "செய்யலாம். ஆனால் ஒவ்வொரு கைக்கும் முன்னால் ஒருவர் நிற்கவேண்டும். அன்பு அலை இல்லாவிட்டால் கோல் வேலை செய்யாது."

"தாராளமா!" என்றாள் அவள். அதற்குத்தானே காத்திருந்தாள்?

திரை முந்தின ராத்திரியே தையல்காரம்மா தைத்து வைத்தது. ஓட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைத்திருந்தார். மோசடியைப் பிடிக்கும் துணியாக இருந்தாலும் பிசிர் தொங்கக்கூடாது அவருக்கு. வரிசையாக ஐந்து கைகள் நீண்டன. எல்லாம் நானூறார் விற்ற உறைக்குள்.

முதல் கைக்கு முன்னால் தபால்காரர் நின்று கொட்டாவி விட்டார். கோல் நீண்டது. நானூறார் தபால்காரரைப் பார்த்தார். கோல் வாயே திறக்கவில்லை.

"சுத்தம்! பளிங்கு மாதிரி மூளை!"

இரண்டாவது சுத்தம். மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஐந்தாவது கைக்கு முன்னால் தையல்காரம்மா நின்றார். பொய்யாக ஒரு விசும்பல் விசும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. திங்கட்கிழமை வண்டி, கண்ணாடி, துடைப்பக் கட்டை எல்லாம் சேர்ந்து வந்தன. அம்மாவுக்குப் பாக்கி வைத்திருந்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

கீச்! கீச்! கீச்ச்ச்!

"ஐயோ!" நானூறார் நான்கு அடி பின்னால் தாவினார். "என் வாழ்நாளில் இப்படிக் கண்டதில்லை! ஊரையே மறக்கடிக்கும் கிருமி! இந்த மனிதரை இன்றே தனிமைப்படுத்துங்கள்!"

ஆராய்ச்சிக்காரி கயிற்றை இழுத்தாள். திரை விழுந்தது.

ஐந்தாவது கைக்குப் பின்னால் தையல்கடை வாசலில் நிற்கும் பொம்மை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வழக்கம்போலப் புன்னகை செய்துகொண்டிருந்தது.

முதல் கைக்குப் பின்னால் கண்டக்டர். பளிங்கு மூளைக்காரர். கூட்டத்தைக் கண்டதும் எழுந்தார்.

"டிக்கெட், டிக்கெட்! உள்ள தள்ளி நில்லுங்க!"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. ஜன்னலில் தொங்கியவர்கள் சிரித்துச் சிரித்துக் கொத்தாக உதிர்ந்தார்கள்.

நானூறார் லேசில் விடுவாரா? "பொம்மைக்கும் தொற்றிவிட்டது!" என்று கத்தினார். "எவ்வளவு பயங்கரம் பார்த்தீர்களா!"

"ஐயா," முழங்கால் பெரியவர் பயபக்தியோடு கேட்டார், "பொம்மைக்கு மருந்து சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

இப்படியும் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை நம்பித்தான் கோல்கள் செய்யப்படுகின்றன.

யாரோ முதல் தடவையாக வெல்வெட் கட்டைப் பிரித்தார்கள். பிரித்தால்தானே தெரியும், அதன் அழகு! நானூறும் ஒரே கட்டுரை. தலைப்பை மட்டும் மாற்றி மாற்றி அச்சடித்திருந்தார். சத்தம் அடங்கிப் பார்த்தபோது நானூறாரைக் காணோம். கோலை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். தொற்றுதான், பாவம்!

மகன் மெதுவாக மேடையேறினான். அப்பாவின் கையுறையை உருவினான். வெந்நீரில் கிடந்ததுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான்.

"தம்பி, எங்க இறங்கணும்?" என்றார் அப்பா.

"கடைசி ஸ்டாப்புப்பா. உங்க கூடவே வரேன்."

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. கண்டக்டர் அதற்குப் பிறகும் சில காலம் இருந்தார். ஒவ்வொன்றாக மறந்து, கடைசியில் ஒரு விடியற்காலையில் மூச்சு விடவும் மறந்தார். அப்போது ஒரு பக்கக் கையை மனைவியும் மறுபக்கக் கையை மகனும் பிடித்திருந்தார்கள். இருவருக்கும் மறதி தொற்றவில்லை. தொற்றியிருந்தால் தேவலை என்று தையல்காரம்மா சில சமயம் நினைப்பதுண்டு. மகனுக்கு ஒன்று மட்டும் தொற்றியது. வீட்டுக்கு யார் வந்தாலும் "உள்ள வாங்க, எவ்ளோ இடம் கிடக்கு" என்கிறான்.

நானூறார் இப்போது வேறொரு ஊரில் எண்ணூறாராக இருக்கிறாராம். கைதட்டல் இருக்கிறதே, அது நிஜமாகவே தொற்றும். பக்கத்து ஆள் தட்டினால் நமக்கும் உள்ளங்கை அரிக்கும். அவர் உங்கள் ஊருக்கு வந்தால் தட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தட்டுவதற்கு முன்னால் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். அங்கே நிற்கும் பொம்மை நீங்களாக இருக்கக்கூடும்.