கோல்முக்கு யார் கொடுத்தது

மதிப்பிற்குரிய நாத்தனார் அசும்ப்டா அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மனைவி டிலியா எழுதுவது. நான் நலம். உங்கள் இடுப்பு வலி தேவலை என்று கேள்விப்பட்டேன். உயிருள்ளவரை உங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்ற என் முடிவில் மாற்றமில்லை. கடிதம் மட்டும்தான்.

என் பேத்தி ஷினேட் முழுகாமல் இருக்கிறாள் அல்லவா, அவளோடு மரபணு ஆலோசகரிடம் போனேன். டெர்வ்லா என்று ஒரு பெண். குடும்பத்தில் யார் யார், எப்படிச் செத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு, தாளில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று போட்டாள். ஷினேட்டுக்கு என்ன தெரியும், நான்தான் சொன்னேன். அசும்ப்டா, உன் சித்தப்பா பேட் அடுப்பெரிக்க என்று காயாத கரிமண்ணை எங்கள் தலையில் கட்டியது வரைக்கும் சொன்னேன். "டிலியாம்மா, அதெல்லாம் ரத்தத்துல வராது" என்றாள். "உனக்கு அந்தக் குடும்பத்தப் பத்தித் தெரியாதுடி" என்றேன்.

அப்புறம் சின்னதிலேயே செத்துப்போன என் மகன் கோல்மைப் பற்றிக் கேட்டாள். பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கும் என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அவன் துக்க வீட்டில் கையில் ஹாம் சாண்ட்விச்சோடு, "இது டிலியா வீட்டுச் சீக்கு, எங்க பக்கம் எல்லாருக்கும் நெஞ்சு இரும்பு" என்று நீ சொன்னாயே, அதையும் சொன்னேன். அன்றைக்கு நீ போட்டிருந்தது பச்சைக் கோட்டு. டெர்வ்லா சொல்கிறாள்: "அம்மாகிட்டேருந்து ஒரு கெட்ட மரபணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் சேந்தாத்தான் இந்த நோய் வரும்." சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயராம், நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளுமாம், வியர்வை உப்பாய்க் கரிக்குமாம். ஆக அசும்ப்டா, பாதி உன் அண்ணன் கொடுத்தது. கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. பாவம் அந்த மனுஷன், தன் பங்கு தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்.

ஷினேட்டிடம் அந்த ஒன்று இருக்கிறது, அவள் புருஷனிடம் இல்லை, பயப்பட வேண்டாம் என்கிறார்கள். ஆனால் உன் பேரன் டோனலுக்குக் கோடையில் கல்யாணம். உன்னிடமும் இருக்கலாம், அவனிடமும் இருக்கலாம். "நீயே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லேன்" என்று டெர்வ்லாவிடம் கேட்டேன். "நாங்க சொல்லக் கூடாதும்மா, குடும்பத்துல இருக்கவங்கதான் சொல்லணும்" என்கிறாள். வேறு யார் இருக்கிறார்கள். அவனையும் அவன் கட்டப்போகிற பெண்ணையும் பரிசோதனை பண்ணிப் பார்க்கச் சொல். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இப்போது நல்ல மாத்திரை எல்லாம் வந்திருக்கிறதாம். ஆராய்ச்சிக்கு என் ரத்தத்தையும் கொடுத்திருக்கிறேன். இன்னொருத்தி பிள்ளையை முத்தமிட்டுவிட்டு, ஏன் உப்பாய் இருக்கிறான் என்று புரியாமல் நிற்க வேண்டாம்.

மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும். உன் சித்தப்பா ஆன்மாவுக்கும் இளைப்பாற்றி கிடைக்கட்டும், கரிமண்ணை நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
டிலியா

பி.கு.: தபாலில் போட்டால் பிரிக்காமலே அடுப்பில் போடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் நானே கொண்டுவந்து உன் வாசலில் நின்று படித்துக் காட்டப் போகிறேன். மழை பெய்தால் மட்டும் உள்ளே வருவேன். அயர்லாந்தில் என்றைக்கு மழை இல்லாமல் இருந்தது, டீக்குக் கெட்டிலைப் போடு.